அடுப்புக்கு இடப்பக்கத்து டப்பா

அரசாங்க ஆஸ்பத்திரியின் தலைமைச் சமையல்காரிக்குக் கடுகு அக்கா என்று பெயர் வைத்தது பெண்கள் வார்டு. எண்ணெய் காய்ந்த பிறகும் கடுகு வெடிக்க ஒரு நொடி ஆகும். இவளுக்கு அந்த ஒரு நொடியும் தேவையில்லை. புழுத்த பருப்பு அனுப்பிய கான்ட்ராக்டரை மூட்டையோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். செருப்புக் காலோடு சமையல்கட்டுக்குள் வந்த பெரிய டாக்டரை வாசலிலேயே நிறுத்தி, "இது என் ஆபரேஷன் தியேட்டர் சார், கழட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் கழற்றினார். நூற்றெண்பது நோயாளிகளுக்கு மூன்று வேளையும் சூடாகச் சாப்பாடு போகிறதென்றால் அதற்கு அந்தக் கோபம்தான் காரணம் என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும்.

அவளுடைய இன்னொரு பழக்கத்தை ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் உதவிக்கு இருக்கிற பெண்கள் கேலி செய்வார்கள். குழம்பில் உப்பைப் போட்டதும் அவள் கை அடுப்புக்கு இடப்பக்கம் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. வெறும் மேடையைத் தடவிவிட்டுத் திரும்பி வரும். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். "அக்கா பேய்க்குப் படையல் போடறாங்க" என்பார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அவள் புருஷன் சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எல்லோருக்கும் அவர் பாய்லர்க்காரர்தான். ஆலைத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இரண்டு அறை. அவருடைய தாத்தாவையும் இவளுடைய தாத்தாவையும் ஒரே கம்பெனிதான் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரே கரும்புக்காட்டில் இறக்கிவிட்டது. அந்தக் கம்பெனி பெயரை மாற்றி, துரையை மாற்றி, கடைசியில் கொடியையும் மாற்றிக்கொண்டு இன்னும் இங்கேயேதான் இருக்கிறது. கரும்பு மட்டும் மாறவே இல்லை.

பாய்லர்க்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்து எட்டு வருஷம். இந்த வருஷம் இடது காலில் செருப்பு கடித்த ஒரு சின்னப் புண் ஆறாமல் இரண்டு விரல் கறுத்துவிட்டது. அறுவை டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூணு வாரம் மருந்து குடுத்துப் பார்ப்போம். சர்க்கரை இறங்கினா ரெண்டு விரலோட விட்டுடலாம். இறங்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். நீங்க ஆஸ்பத்திரியிலேயே இருக்கறவங்க, உங்களுக்கு நான் விளக்க வேணாம்."

அன்றைக்கே அவள் வீட்டிலிருந்த வெள்ளைச் சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். டீ வெறும் டீயானது. பிஸ்கட் போனது, பழம் போனது, சோறு பாதியானது. மாத்திரையை அவளே எண்ணிக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரில் நின்றாள். முதல் வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் முந்நூற்றுப் பத்து. அதற்கடுத்த வாரம் முந்நூற்று நான்கு.

வாயைக் கட்டியும் இறங்கவில்லை என்றால் வாயைக் கட்டவில்லை என்றுதானே அர்த்தம். கடுகு அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் சர்க்கரைத் தூசியை மூச்சாக இழுத்த மனுஷன், சும்மா இருப்பாரா? அவர் சட்டைப் பையைத் துழாவினாள். தலையணை உறையை உதறினாள். தெருமுனை டீக்கடைக்காரரிடம் போய், "அவருக்கு இனிப்புப் போட்டுக் குடுத்தீங்கன்னா, உங்க கடையில நான் அடுப்பு எரிய விடமாட்டேன்" என்று மிரட்டிவிட்டு வந்தாள். அந்த ஆள் பாவம், பாய்லர்க்காரர் தன் கடைப்பக்கம் வந்தே மூன்று மாசமாகிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அதையும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். கரும்பு லாரி ஓட்டுகிறவன். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே பாய்லர்க்காரர்தான். மாமா என்றால் அவனுக்கு அவ்வளவு மரியாதை. பெண்டாட்டி பிள்ளைகளோடு நடு அறையில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் முன்னாலேயே இவள் வெடித்துவிட்டாள்.

"உங்க மாமா திருடித் திங்கறாருடா. நான் வேலைக்குப் போனதும் எங்கயோ போய்த் தின்னுட்டு வந்து பச்சைப்புள்ள மாதிரி உட்கார்ந்திருக்காரு."

"நான் தொடலை" என்றார் பாய்லர்க்காரர்.

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா?"

"மிஷின் என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது. நான் தொடலை."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, கொஞ்சம் வாயைக் கட்டிக்குங்க. உங்க நல்லதுக்குத்தானே அக்கா சொல்லுது" என்றான். பாய்லர்க்காரர் அவனைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் அவளிடம் ஆமாம், இல்லை என்பதைத் தாண்டிப் பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவி வைத்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. குற்றம் செய்தவருக்கு ரோஷம் வேறயா என்று பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள்.

வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வகுப்பு. நடத்துவது தலைநகரத்திலிருந்து புதிதாக வந்த உணவு ஆலோசகர். இருபத்தாறு வயசு, எல்லோருக்கும் டயட் பொண்ணு. வகுப்பு நடக்கும் கட்டடத்தின் வாசலில் பளிங்குக் கல் பதித்திருக்கிறது: 'சர்க்கரை நோய்ப் பிரிவு. ஆலை நிர்வாகத்தின் அன்பளிப்பு.' இதை எழுதியவனுக்கும் சிரிப்பு வரவில்லை, பதித்தவனுக்கும் வரவில்லை. அந்த வாரம் கடுகு அக்கா புருஷனோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

"உங்க பாரம்பரிய உணவுல இனிப்பும் மாவும் ரொம்ப அதிகம்" என்று ஆரம்பித்தாள் டயட் பொண்ணு. "பரம்பரை பரம்பரையா வந்த பழக்கம். அதை மாத்தறது கஷ்டம்தான்..."

"யாரோட பாரம்பரியம்?" பின்வரிசையிலிருந்து வந்த குரலுக்கு எல்லோரும் திரும்பினார்கள். "கப்பல்லருந்து இறங்கறப்ப எங்க ஆளுங்ககிட்ட கட்டின துணி இருந்துச்சு, பசி இருந்துச்சு. மறுநாள் கம்பெனிக்காரன் வண்டியில எதைக் கொண்டுவந்து கொட்டினானோ அதைத் தின்னாங்க. வேற ஒண்ணு விளைச்சுத் தின்ன ஒரு முழம் நிலம் விடலை. கரும்புக்கு நடுவுல கீரை முளைச்சாக்கூட பிடுங்கிப் போட்டுட்டு அபராதம் போட்டான். அதைப் போய் எங்க பாரம்பரியங்கறீங்க."

முன்வரிசையில், காலில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்த முரட்டு மனிதர் ஒருவர் சிரித்தார். அவர் கப்பலில் வந்த வம்சமில்லை. அவருடைய ஆட்கள் இந்த மண்ணிலேயே முளைத்தவர்கள், கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே இருப்பவர்கள்.

"எங்களுக்குக் கிழங்குத் தோட்டம் இருந்துச்சு மேடம். அதைக் கொளுத்தித்தான் இவங்க கரும்பு நட்டாங்க. நட்டது இவங்க, நட வெச்சது கம்பெனிக்காரன். நாங்க டின்ல அடைச்ச கறிக்கும் மைதாவுக்கும் வந்தோம். எனக்கும் அதுதான் பாரம்பரியம்னு எழுதிக்குங்க."

டயட் பொண்ணு முகம் சிவந்துபோய் நின்றாள். ஆனாலும் நல்ல பெண். வகுப்பு முடிந்ததும் தானே வந்தாள்.

"அக்கா, நான் யோசிக்காம சொல்லிட்டேன். ஆனா உங்க வீட்டுக்காரருக்கு ஏன் இறங்கலைன்னு எனக்குப் புரியலை. நீங்க எழுதிக் குடுத்த சாப்பாட்டுக்கு இந்நேரம் இருநூறுக்குக் கீழ வந்திருக்கணும். வீட்டுக்கு வந்து ஒரு வேளைச் சமையலைப் பார்க்கட்டுமா?"

"வாங்க. அவரு எங்க ஒளிச்சு வெச்சிருக்காருன்னு நீங்களாவது கண்டுபிடிங்க."

பாய்லர்க்காரர் அதையும் கேட்டுக்கொண்டுதான் பக்கத்தில் நின்றிருந்தார்.

சனிக்கிழமை பகலில் டயட் பொண்ணு வந்தாள். பாய்லர்க்காரர் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் சமையலறை. புகை படிந்த சுவர், ஒற்றை ஜன்னல், மண்ணெண்ணெய் அடுப்பு இருந்த இடத்தில் இப்போது கேஸ் அடுப்பு. டயட் பொண்ணு ஒரு முக்காலியில் நோட்டோடு உட்கார்ந்துகொண்டாள். கடுகு அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வெங்காயம் வதங்கியது, புளி கொதித்தது, கருவாடு விழுந்தது.

"இப்ப என்ன போட்டீங்கக்கா?"

"உப்பு."

"உப்புக்கு அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் போடலையே."

"போட்டீங்க. இந்தப் பக்கத்து டப்பாவிலேருந்து. ஒரு கை."

கடுகு அக்கா திரும்பிப் பார்த்தாள். அடுப்புக்கு இடப்பக்கம் உப்பு ஜாடி. அதை ஒட்டி மூடியில்லாத தகர டப்பா. அவள் விரல்களில் பழுப்புத் துகள் ஒட்டியிருந்தது.

"அதுவா, அது பழுப்பு" என்றாள்.

அது ஆலையில் வெளுப்பதற்கு முன்பு எடுக்கிற மட்டச் சர்க்கரை. வருஷத்துக்கு ஒரு மூட்டை, ஆலைக் குடும்பங்களுக்கெல்லாம் இன்றும் இனாமாக வருகிறது. லயத்தில் அதைச் சர்க்கரை என்று யாரும் நினைப்பதில்லை. வெள்ளையாக இருப்பது சர்க்கரை; அது டீக்கு, விருந்தாளிக்கு. பழுப்பு சமையல் சாமான். உப்பும் மஞ்சளும் மாதிரி. உப்புப் போட்ட கை அப்படியே அதற்குள்ளும் போய்விட்டு வரும். அதைப் பற்றிக் கேட்டால் யாரும் பொய் சொல்வதில்லை. நிஜமாகவே ஒன்றும் போடவில்லை என்றுதான் நினைக்கிறார்கள்.

டயட் பொண்ணு பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து அதே அளவு ஒரு கை அள்ளச் சொல்லி நிறுத்துப் பார்த்தாள். குழம்புக்கு, பொரியலுக்கு, காலைப் பலகார மாவுக்கு, ராத்திரி ரசத்துக்கு. கூட்டிச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. பிறகு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே இருப்பவர்கள் வேறு கப்பலில் வேறு துறைமுகத்திலிருந்து வந்தவர்கள், வேறு பாஷை, வேறு சாமி. அவர்கள் அடுப்புக்கு இடப்பக்கமும் அதே டப்பா. அதற்கடுத்த வீட்டிலும் அதே.

கடுகு அக்கா குழம்பை அப்படியே தூக்கிச் சாக்கடையில் கொட்டினாள். டப்பாவைச் சுவரில் அடித்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் உப்பில்லாத சாப்பாடு, சர்க்கரையில்லாத சாப்பாடு என்று கிராம் கணக்காகப் பொங்கிப் போட்டவள்! ஆஸ்பத்திரி ஸ்டோரில் பழுப்பு கிடையாது, அதனால் நூற்றெண்பது பேர் தப்பித்தார்கள். கட்டினவன் ஒருத்தன் மாட்டிக்கொண்டான். விஷம் வைக்கிறவர்கள்கூடத் தெரிந்துதான் வைப்பார்கள். தெரியாமலே வைத்த தனக்கு அந்த மரியாதைகூட இல்லை என்று நினைத்துக்கொண்டே சட்டியைத் தேய்த்துக் கழுவினாள்.

மறுபடியும் குழம்பு வைத்தாள், பழுப்பில்லாமல். பாய்லர்க்காரர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். கருவாடு நாறியது. புளி தொண்டையைப் பிடித்தது. அவர் ஒரு நிமிஷம் தட்டைப் பார்த்தார், பிறகு வழித்துச் சாப்பிட்டார். பெரிய டாக்டரை வாசலில் நிறுத்திய வாய் புருஷன் முன்னால் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அளவு இறங்கட்டும், நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

திங்கட்கிழமை ஆலையில் வருஷ மூட்டை கொடுக்கும் நாள். வழக்கமாகத் தம்பி போய் வாங்கி வருவான். இந்தத் தடவை, "நான் போறேன்" என்று அவளே கிளம்பினாள். ஆலைக்கு நூற்றுப்பத்து வயசு ஆகிறதாம். பழைய எடைக்கூடத்தைக் கழுவி வெள்ளையடித்து ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். மூட்டைக்கு வரிசை அதற்குள்ளேதான் வளைந்து போயிற்று. துரையின் நாற்காலி, துரையின் தொப்பி, துரை வீட்டுப் பீங்கான் கோப்பைகள். அவற்றைத் தாண்டி ஒரு பழைய மரப்பலகை, வாராந்தரப் படி என்று தலைப்பு, அந்தக் காலக் கூலியாட்களுக்கு அளந்து போட்ட சாமான் கணக்கு. கறுப்பு எழுத்தில் வரிவரியாக இருந்தது. அரிசி, ஆளுக்கு இத்தனை படி. பருப்பு, அரைப்படி. உப்புக்கருவாடு, முக்கால் ராத்தல். உப்பு, ஒரு பிடி. வேலைக்கு வராத நாளுக்குப் படி இல்லை. கடைசி வரி: பழுப்புச் சர்க்கரை, வேண்டிய அளவு.

வரிசை நகர்ந்தது, அவள் நகரவில்லை. அம்மா சமைத்த கருவாட்டு வாசனை ஞாபகம் வந்தது. புழுத்த அரிசியும் நாறிய கருவாடும் அளந்து வந்தன. நாற்றத்தை மூட இது ஒன்றுதான் அளக்காமல் வந்தது. கட்டிப்போட முடியாத குழந்தையின் வாயில் இதைத்தான் வைத்துவிட்டு அம்மா கரும்பு வெட்டப் போனாள். வெட்டுகிறவர்களுக்கும் இதைத் தின்றால் வயிறு நிறையாமலே நிறைந்த மாதிரி இருக்கும், மாலைவரை கை ஓடும். இப்படித்தான் கை பழகியது. அம்மா கையிலிருந்து இவள் கைக்கு வந்தது.

மூட்டை கொடுக்கும் மேஜையில் நலத்துறை அதிகாரி நின்றிருந்தார். சட்டைப் பையில் பூ குத்தியிருந்தார். மூட்டையோடு 'ஆலைக் குடும்பங்களின் சமையல்' என்று ஒரு வண்ணப் புத்தகமும் கொடுத்தார்.

"படிச்சுப் பாருங்கம்மா, எல்லாம் உங்க சமையல்தான். அந்த லேசான இனிப்பு இருக்கே, அதுதான் உங்க கைப்பக்குவத்தோட அடையாளம். உலகத்துல வேற எங்கயும் கிடையாது."

"அந்தப் பலகையில வேண்டிய அளவுன்னு எழுதியிருக்கே" என்றாள் அவள். "யாருக்கு வேண்டிய அளவு சார்?"

"என்னம்மா?"

"அரிசி கேட்டா சவுக்கு. பருப்பு கேட்டா அபராதம். இது மட்டும் ஏன் சார் கணக்கில்லாம? நாங்க கேட்டமா? எங்களுக்கு வேண்டிய அளவா, கரும்பு வெட்டி முடிக்க உங்களுக்கு வேண்டிய அளவா?"

"அது பழைய காலம்மா. நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இப்ப நிர்வாகம் ஆஸ்பத்திரிக்குக் கட்டடமே கட்டிக் குடுத்திருக்கு."

"தெரியும். சர்க்கரை இறங்கலைன்னா வியாழக்கிழமை அங்கதான் என் வீட்டுக்காரர் காலை எடுக்கப் போறாங்க. அந்தக் காலையும் கொண்டாந்து துரை தொப்பிக்குப் பக்கத்துல வைங்க. கீழ எழுதுங்க, எங்க பாரம்பரியம்னு."

அதிகாரி பூவைச் சரிசெய்துகொண்டு, "அடுத்து யாரு?" என்று கேட்டார். அவளுக்குப் பின்னால் நின்றவர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, அவள் எடுக்காமல் விட்ட மூட்டையைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்த் தன் மூட்டையை வாங்கிக்கொண்டார். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் சமைத்தாக வேண்டுமே.

புதன்கிழமை ரத்தம் எடுத்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றாறு. எட்டு வருஷத்தில் இருநூறுக்குக் கீழே வந்தது அதுதான் முதல் தடவை. அறுவை டாக்டர் கட்டைப் பிரித்து, கணுக்காலுக்கு மேலே அழுத்திப் பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கு" என்றார். "ஆனா சீழ் மேல ஏறிடுச்சும்மா. ஒரு ரெண்டு வாரம் முன்னாடி இப்படி இறங்கியிருந்தா..." அவர் அதை முடிக்காமல் கைகழுவப் போனார்.

வியாழக்கிழமை காலையில் பாய்லர்க்காரருக்குப் பச்சை உடுப்பு மாட்டிவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டில். அவள் சமையல்கட்டு உடுப்போடேயே வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் தின்னலை. நான்தான் போட்டுக் குடுத்தேன். குழம்புல, பொரியல்ல, எல்லாத்துலயும். பழுப்பு. எனக்கே தெரியலை. அந்தப் பொண்ணு வந்து பார்த்துச் சொல்லித்தான் தெரிஞ்சுது. சனிக்கிழமையே தெரியும். சொல்ல வாய் வரலை."

திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நான் திருடலை" என்றார்.

"இல்ல."

"உன் தம்பி முன்னாடி சொன்ன."

"சொன்னேன்."

"அவனைக் கூப்பிடு."

"எதுக்குங்க இப்ப? எல்லாம் முடிஞ்சப்புறம்..."

"கால் போனப்புறம் சொன்னா பரிதாபத்துக்குச் சொல்றன்னு நினைப்பான். இப்பவே கூப்பிடு."

லாரியைப் பாதிச் சரக்கோடு வழியில் நிறுத்திவிட்டு அவன் ஓடிவந்தான். தலையெல்லாம் கரும்பின் காய்ந்த இலை, சோகை. ஸ்ட்ரெச்சர் வண்டி தள்ளுகிறவர்கள் இருவர் ஏற்கெனவே வந்து, பாய்லர்க்காரரை வண்டியில் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வார்டில் எல்லாக் கட்டிலும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், சமையல்கட்டில் கத்துகிற அதே குரலில், கடைசிக் கட்டில்வரை கேட்கும்படி.

"உங்க மாமா திருடித் திங்கலைடா. ஒருநாளும் திங்கலை. சமைச்சுப் போட்டவ நான். சாப்பிட்டதைத் தவிர அவரு ஒரு தப்பும் பண்ணலை."

தம்பி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பாய்லர்க்காரர் அவன் தலையிலிருந்த சோகையைத் தட்டிவிட்டார்.

"சரி" என்றார் வண்டிக்காரர்களிடம். "இப்பத் தள்ளுங்கப்பா."

போர்வை குட்டை. வண்டி நடைபாதையில் திரும்பும்போது அவருடைய இரண்டு பாதங்களும் வெளியே தெரிந்தன. கதவு மூடும்வரை கடுகு அக்கா இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.